கறுப்பியின் கன்றும் ஐயாவின் முடிச்சும்

கந்தசஷ்டி முடிந்த மூன்றாம் நாள் இரவு கறுப்பி கன்று போட்டது. நேரம் ஒன்றரை இருக்கும். மழை விட்டிருந்தது. வாடைக்காற்று மட்டும் கொட்டிலின் கிடுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஐயா, என் அப்பா, இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். கறுப்பியின் வாலடி இரண்டு பக்கமும் இளகிக் குழி விழுந்திருந்தது. மடி இறுகி, காம்பெல்லாம் மினுங்கியது. பிண்ணாக்குத் தண்ணீரை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு" என்று சொல்லி, சாக்குக் கட்டிலைக் கொட்டிலுக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் போட்டுப் படுத்தார். 76 வயது. பனியில் படுக்க வேண்டாம் என்று நானும் என் கணவரும் எவ்வளவோ சொன்னோம். காதில் தலைப்பாகையை இழுத்துக் கட்டிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.

"பிள்ளை, தண்ணிக்குடம் வந்திட்டுது. எழும்பு."

நான் ரோச் லைற்றோடு போனபோது முன்னங்கால் இரண்டும் தெரிந்தன. குளம்பின் நுனி மஞ்சளாக, வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் கால்களின் மேல் மூக்கு வந்தது. அதுதான் சரியான வரத்து. காலும் மூக்கும் சேர்ந்து வந்தால் பயப்பட ஒன்றுமில்லை; கால் மட்டும் வந்து தலை வராவிட்டால்தான் மிருக வைத்தியருக்கு ஓட வேண்டும். மூத்தவன் கையை நீட்டினான். "இழுக்காத. அவளுக்குத் தெரியும்" என்று ஐயா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். கறுப்பி இரண்டு தரம் படுத்து எழும்பியது. மூன்றாம் தரம் படுத்து முக்கியபோது கன்று வழுக்கிக்கொண்டு வைக்கலில் விழுந்தது.

விழுந்தது அசையவில்லை. ஐயா குந்தி இருந்து, விரலால் வாய்க்குள் இருந்த சளியை வழித்து எறிந்தார். ஒரு வைக்கல் தும்பை எடுத்து மூக்குத் துவாரத்தில் விட்டுக் கிண்டினார். ஒன்று, இரண்டு, மூன்று... கன்று தும்மியது. தலையை ஆட்டியது. அவ்வளவு நேரமும் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாகு கன்று. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் ஐந்து சதக் குற்றி அளவில் வெள்ளை. காலையில் எழும்பி வந்த சின்னவள் பார்த்த உடனேயே "சுட்டி" என்று பெயர் வைத்துவிட்டாள்.

தொப்புளுக்கு அயடின் போட்டோம். ஒரு மணித்தியாலத்துக்குள் கன்று தள்ளாடி எழும்பி, முன்னங்கால் இடுக்கிலெல்லாம் மடியைத் தேடி, கடைசியில் கண்டுபிடித்தது. முதல் ஐந்தாறு மணித்தியாலத்துக்குள் கடும்புப் பால் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். கன்று பிறக்கும்போது அதன் உடம்பில் நோயைத் தாங்கும் சக்தி கிடையாது. அதெல்லாம் அந்த மஞ்சள் பாலோடுதான் போய்ச் சேருகிறது. நேரம் கடந்தால் கன்றின் குடல் அதை அப்படியே உறிஞ்சாது. இதைப் பிந்திப் படித்து அறிந்தவள் நான். "முதற்பால் கன்றுக்கு, மிச்சம்தான் மனிசனுக்கு" என்று அம்மா எப்போதும் சொல்வார்.

இளங்கொடி விடிய நான்கு மணிக்கு விழுந்தது. மாடு அதைத் தின்றுவிடாமல் காவல் இருக்க வேண்டும், ஐயா இருந்தார். பிறகு கூரை வளையில் செருகி வைத்திருந்த உமலை எடுத்து வரச் சொன்னார். போன ஆடியிலேயே, கறுப்பிக்குச் சினை பிடித்திருக்கிறது என்று உறுதியான பிறகு, பனையோலை சார்ந்து, அதாவது கீற்றாகக் கிழித்து, தானே பின்னி வைத்த பை அது. எல்லாரும் இப்போது யூரியாப் பையில் போட்டுக் கட்டுகிறார்கள். ஐயாவுக்கு அது மனம் கேளாது. வைக்கலில் சுற்றி, உமலில் போட்டு, தாத்தாவும் பேரனுமாகக் குளக்கட்டுக்குப் போகும் வழியிலுள்ள ஆலமரத்துக்குக் கொண்டுபோய் உயரத்தில் கட்டிவிட்டு வந்தார்கள். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. நாய் நரி இழுக்காமல் இருப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதை எழுதத் தொடங்கியது கன்றைப் பற்றிச் சொல்லத்தான். ஆனால் அன்று இரவு நான் கவனித்தது இன்னொன்று. கறுப்பி முக்கத் தொடங்கியதும் ஐயா முதலில் செய்த வேலை, அதன் கயிற்றை அவிழ்த்து விட்டது. ஒரு இழுவை. கயிறு தூணிலிருந்து கழன்று விழுந்தது. இருட்டுக்குள், பார்க்காமலே.

எங்கள் வளவில் கட்டப்படுகிற எந்தக் கயிறும் அந்த முடிச்சில்தான் கட்டப்படும். ஐயா அதை இழுமுடிச்சு என்பார்.

எங்களுடையது பெரிய பண்ணை ஒன்றுமில்லை. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளுக்கு, முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் பாயும் பக்கம் இரண்டு ஏக்கர் வளவு. நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இவர் தச்சு வேலை. சாப்பாடு அந்த இரண்டு வருமானத்தில் நடக்கிறது. மாடு நான்கு, இப்போது சுட்டியோடு ஐந்து, ஆடு ஒன்பது, கோழி இருபது முப்பதுக்குள் கூடிக் குறையும். பாலில் வீட்டுத் தேவை போக மிச்சத்தைக் காலையில் சேகரிக்க வருபவரிடம் ஊற்றுவோம். அந்தக் காசு பிண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் போய்விடும். "அப்ப ஏன் இந்தப் பாடு?" என்று கொழும்பில் இருக்கிற தங்கை கேட்பாள். காலை ஐந்து மணிக்குச் செவலையின் வயிற்றில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, வாளியில் பால் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி இருக்கிற அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்குகிறது. அவளுக்கு இதைப் போனில் விளங்கப்படுத்த முடியவில்லை.

ஐயா 17 வயதில் தமையனோடு யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து காடு வெட்டியவர். 2008 இல் அவரிடம் 38 மாடுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் வலத் தொடையில் குறி சுட்டிருந்தது; வன்னியில் பட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான். காட்டில் மேய்கிற மாடு யாருடையது என்று குறியைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

அந்த மார்கழிக் கடைசியில் நாங்கள் வெளிக்கிட்டோம். யுத்தம் நெருங்கி, ஷெல் குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் விழத் தொடங்கியிருந்தது. அயலில் ஒருவரின் ரக்ரர் பெட்டியில் அம்மாவும் நானும் தங்கையும் ஏறிவிட்டோம். ஐயா மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். பட்டி மாடுகளுக்குக் கயிறு இல்லை, படலையைத் திறந்தால் போதும். கட்டி வைத்திருந்தவை கறவை மாடுகளும் கன்றுகளும்தான். அந்த வருஷம் கார்த்திகையில் பெருவெள்ளம். மழை விடாமல் பெய்து, தும்புக்கயிறெல்லாம் ஊறி இறுகிப்போய் இருந்தது. தும்புக்கயிறு நனைந்தால் ஊதும், முடிச்சு கல்லாகிவிடும். கத்தி வேறு சாமானோடு ரக்ரருக்குள் போய்விட்டது.

ஐயா வர அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அம்மா அழத் தொடங்கிவிட்டார். வந்தவரின் வலது சுட்டுவிரல் நகம் பாதி பிய்ந்து தொங்கியது. எல்லாவற்றையும் அவிழ்த்தீர்களா என்று அம்மா கேட்டார். ஐயா பதில் சொல்லவில்லை, பெட்டியில் ஏறி இருந்துகொண்டு "எடு, எடு" என்றார். அந்த நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை நாங்களும் மறுமொழி கேட்கவில்லை.

மெனிக் பாம் அகதி முகாமில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கிணறும் ஒரு மாமரமும் இருந்தன. அதற்குப் பிறகு பல வருஷம், தெருவில் மாடு ஒன்று குறுக்கே போனால் ஐயா சைக்கிளை நிறுத்தி அதன் வலத் தொடையைப் பார்ப்பார். இப்போது அப்படி ஒரு மாடு உயிரோடு இருந்தாலும் மிகவும் கிழடாகியிருக்கும். இருந்தும் பார்க்கிறார். போன மாதம் முள்ளியவளைப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்குப் போகும்போதும் பார்த்தார்.

சரி, முடிச்சுக்கு வருகிறேன். கயிற்றைத் தூணைச் சுற்றிக் கொண்டுவந்து, நுனியை முழுதாக உள்ளே நுழைக்காமல், மடித்து ஒரு காது மாதிரி நுழைத்து இறுக்க வேண்டும். மாட்டின் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் இன்னும் இறுகும். தொங்குகிற நுனியைப் பிடித்து நாம் ஒரு இழுவை இழுத்தால் முழுதும் கழன்று வரும். நனைந்திருந்தாலும் வரும். ஆறு வயதுப் பிள்ளையாலும் முடியும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கிய வருஷமே இந்த முடிச்சையும் ஐயா பழக்கிவிட்டார். நைலோன் கயிறு வாங்கினால் இரண்டு தரம் நுழைத்துக் கட்டுகிறோம், அது வழுக்கும்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. கெட்டிக்கார மாடு நுனியைக் கவ்வி இழுக்கப் பழகிவிடும். செவலை அப்படிப் பழகியது. இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு இரவு அவிழ்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வளவுக் கச்சானை ஒரு பாத்தி முழுக்கத் தின்றுவிட்டது. விடிய நான் போய் மன்னிப்புக் கேட்டு, நட்டத்துக்கு ஒரு மரைக்கால் விதைக் கச்சான் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் இறுக்கமாகக் கட்டுவோமே என்று இவர் சொன்னபோது ஐயா சத்தம் போடவில்லை. "கச்சான் போனா விதைக்கலாம் தம்பி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நுனியை இப்போது செவலைக்கு எட்டாதபடி தூணின் மறுபக்கம் தொங்கவிடுகிறோம்.

2022 டிசம்பர் 8 ஆம் திகதியை இந்தப் பக்கத்தில் மாடு வைத்திருக்கிற யாரும் மறக்கமாட்டார்கள். வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நின்றது. அது எங்கள் மேல் வரவில்லை, அடுத்த நாள் இரவு மாமல்லபுரத்துப் பக்கம் கரையேறியது. ஆனால் அன்று பகல் முழுக்க வெயில் முகம் காட்டவில்லை. தூறல், காற்று, குளிர். வன்னியில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி ஒரு குளிர் தெரியாது. பிள்ளைகளுக்கு இரண்டு சட்டை போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தோம்.

இரவு பதினொரு மணிபோல் கொட்டிலின் தகரம் ஒன்று ஆணி கழன்று அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. இவர் தகரத்தைப் பிடிக்க ஓடினார். நான் லைற்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மூத்தவன், அப்போது அவனுக்கு 11 வயது, கொட்டிலுக்குள் போய்விட்டான். தூண் தூணாகத் தடவி, நுனியைப் பிடித்து இழுத்து இழுத்து மூன்று மாட்டையும் அவிழ்த்து ஒவ்வொன்றாக விறாந்தைக்குக் கூட்டி வந்தான். கடைசி மாட்டைக் கொண்டுவந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கக் கூரை வளையோடு சரிந்தது. ஐயா விறாந்தையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாவது வந்ததும் பேரனின் தலையில் கை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

ஆட்டுக் கொட்டிலை நாங்கள் நினைக்கவில்லை. அது தாழ்வான இடம், நிலம் ஈரமாகிவிட்டிருந்தது. விடிந்து பார்த்தபோது இரண்டு மறி ஆடுகள் விறைத்துக் கிடந்தன. மூன்று கிழமைக் கன்று ஒன்று, வெள்ளச்சியின் நாம்பன், மூலையில் நனைந்து சுருண்டு கிடந்தது. மூச்சு இருந்தது. அடுப்படிக்குத் தூக்கி வந்து சாக்கால் தேய்த்தோம், வெதுவெதுப்பாகப் பால் கொடுத்துப் பார்த்தோம். எட்டு மணிக்குப் போய்விட்டது. வெள்ளச்சி மூன்று நாள் கத்தியது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் வெளியில் மேய்ச்சலுக்கு விடப்பட்டிருந்த மாடுகள் குளக்கட்டிலும் தெருவோரத்திலும் விழுந்து கிடந்தன. அந்த ஒன்றிரண்டு நாளில் வடக்கிலும் கிழக்கிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன.

வரட்சிக்கும் வெள்ளத்துக்கும் யானைக்கும் பயந்து பழகிய சனம் நாங்கள். குளிர் கொல்லும் என்று யாருக்குத் தோன்றும்? பிறகு மிருக வைத்தியர் வந்தபோது விளக்கமாகச் சொன்னார். மாட்டின் மயிர் காய்ந்திருந்தால் அதற்குள் காற்று நின்று உடம்புச் சூட்டைக் காக்கும். நனைந்தால் மயிர் தோலோடு ஒட்டிவிடும். அதன் மேல் காற்றும் அடித்தால் சூடு நிற்காது. மெலிந்த மாட்டிடம் எரிக்கக் கொழுப்பும் இல்லை. அவர் சொன்ன இன்னொன்றை நான் முன்பு யோசித்ததே இல்லை: வைக்கல் மாட்டின் வயிற்றுக்குள் புளித்துச் செரிக்கும்போது சூடு உண்டாகிறது. குளிர் இரவில் வயிறு நிறைய வைக்கல் தின்ற மாட்டுக்கு உள்ளுக்குள் ஒரு அடுப்பு எரிகிற மாதிரி.

அதற்குப் பிறகு எங்கள் வருஷத்தின் வேலை எல்லாம் இந்த மாரியை நோக்கியே ஓடுகிறது. மாசியில் காலபோகம் வெட்டி முடிந்ததும் வைக்கல் சேர்க்கிறோம். வெட்டு மெசின் வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகும். குடும்பமாகப் போய் வாரிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். முந்தி ஒரு சின்னப் போர் வைத்தோம், இப்போது இரண்டு. இவர் ஆட்டுக் கொட்டிலை இரண்டரை அடி உயர்த்தி, பனஞ்சலாகையை இடைவெளி விட்டு அடித்துத் தளம் போட்டார். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், ஆடு காய்ந்த இடத்தில் படுக்கும். ஆடு ஈரத்தைத் தாங்காத சாதி. வடகிழக்குப் பக்கம் கிடுகு வரிந்து அதன் மேல் தறப்பாள். மற்றப் பக்கம் மேலே திறந்தபடிதான், இல்லாவிட்டால் மூத்திர நெடியில் மூச்சு முட்டும். சின்னவள் கன்றுகளுக்குச் சாக்கில் சட்டை தைக்கிறாள். சுட்டிக்குத் தைத்தது பெரிதாகிப்போய், வயிற்றுக்குக் கீழே தொங்குகிறது.

ஐப்பசி வந்தால் இன்னொரு நெருக்கடி. விதைப்புத் தொடங்கிவிடும், இன்ன திகதிக்குப் பிறகு மாடு வயற்பக்கம் வரக்கூடாது என்று கூட்டத்தில் முடிவு செய்வார்கள். நியாயம்தான். ஆனால் முந்தி மாடு போன இடமெல்லாம் இப்போது போக முடியாது, மேய்ச்சல் தரை சுருங்கிவிட்டது. எங்களுடையது கொஞ்ச மாடு என்பதால் வேலிக் கிளிசீரியாவும் இப்பிலிப்பிலும் ஒடித்துப் போட்டுச் சமாளிக்கிறோம். நூறு மாடு வைத்திருப்பவர்கள் படும்பாட்டை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கோடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்த காலம். குளம் வற்றி அலைகரையில் பச்சைப் புல் முளைக்கும். மாடுகளை அங்கே விட்டுவிட்டு, யானை இறங்குவதற்கு முன், நான்கரைக்கே சாய்த்துக்கொண்டு வந்துவிடுவோம். ஆனியில் பாலைப்பழம். பழத்தின் பாலில் உதடு ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் கதைக்க மாட்டாமல் நிற்பார்கள். மரத்தின் கீழே ஆடுகளும் அதே வேலைதான். குஞ்சு பொரித்த கோழிக்குக் கறையான் கொடுப்பதும் கோடையில்தான். உடைந்த பானைக்குள் சாணமும் உக்கின ஓலையும் அடைத்து, புற்றுக்குப் பக்கத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் விடியப் பானை நிறையக் கறையான். சின்னவள் அதைத் தட்டிக் கொட்டும்போது தாய்க்கோழி "கொக் கொக்" என்று ஒரு தனிக் குரலில் கூப்பிடும். குஞ்சுகள் உருண்டு வரும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் எத்தனை தரம் கத்தினாலும் அவள் அந்த இடத்தை விட்டு அசையமாட்டாள். அதற்காக அவளை ஏசவும் எனக்கு மனம் வருவதில்லை.

இன்றைக்குப் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மூத்தவன் தறப்பாளை இறக்கிக் கட்டினான். நான் வைக்கல் போட்டேன். ஐயா வழமைபோல் ஒவ்வொரு தூணாகப் போய் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். சின்னவள் அவர் பின்னால் ஒரு புதுக் கயிற்றோடு நின்றாள். சுட்டிக்கென்று அவளே கடையில் தெரிந்தெடுத்த கயிறு, சிவப்பும் மஞ்சளும் முறுக்கியது.

"தாத்தா, இதைக் கட்டட்டோ?"

ஐயா கன்றைப் பார்த்தார். அது சாக்குச் சட்டையோடு கறுப்பியின் வயிற்றடியில் படுத்திருந்தது.

"மாரி முடியட்டும் மோனை. பட்டிப் பொங்கலுக்குக் கட்டுவம்."

அவள் கயிற்றைச் சுருட்டி, உமல் இருந்த வளையில் செருகி வைத்தாள்.